எழுத்துக்கு மூன்றணா

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை.
கேரட் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர்
பீடியை அணைத்துவிட்டு வந்து பிடித்தார்.
பீடத்திலிருந்து நுனிவரை
பதினோரடி இரண்டங்குலம்.
வரைபடத்தில் பதினைந்தடி.

புல்லொரை பேரூராட்சி, பதிவறை, மூன்றாம் அலமாரி.
கரையான் விட்டுவைத்த கோப்பு.
1920இல் கமிட்டி ஒன்பது முறை கூடியிருக்கிறது.
முதலில் துப்பாக்கி ஊன்றிய சிப்பாய் சிலை என்றார்கள்.
முகம் யாருடையது என்று யாரோ கேட்டதில்
அது நின்றுபோனது.
அப்புறம் மணிக்கூண்டு.
நாலு கடிகாரத்துக்குக் காசில்லை,
ஒன்று வைத்தால்
மூன்று திசைக்காரர்களுக்கு நேரம் தெரியாது.
சிலுவை என்றார் பாதிரியார்.
இருபது ரூபாய் கொடுத்திருந்த போஜ கவுடர்
ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோனதாகக் குறிப்பு.
கடைசியில்
ஒருவருக்கும் சொந்தமில்லாத ஒரு வடிவம்:
கீழே சதுரம், மேலே போகப்போக ஒல்லி,
உச்சியில் ஒன்றுமில்லை.

கல் காரமடைப் பக்கம் வெட்டியது.
வெட்டியவர் வீரபத்திர போயர்.
எட்டு ஜோடி மாடு.
ஒன்பதாவது வளைவில் வண்டி சாய்ந்து
கல் இரண்டானது, ஒரு மாடு செத்தது.
மாட்டுக்கு நஷ்டஈடு பதினெட்டு ரூபாய்,
ரசீது இருக்கிறது, கைநாட்டோடு.
பெரிய துண்டை மட்டும் மேலேற்றிப்
புது நுனி செதுக்கினார்கள்.
சின்னத் துண்டு இன்னும் வளைவில் கிடக்கிறது.
பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி
வாந்தி எடுப்பவர்கள்
அதில் உட்கார்ந்துதான் வாய் கொப்பளிக்கிறார்கள்.

போருக்கே போகாத கல்லும்
நாலடி குறைந்துதான் ஊர் வந்திருக்கிறது.

ஈய எழுத்து. எழுத்துக்கு மூன்றணா.
தோட்டத்துரை வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கு
பட்டம், முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர்,
படைப்பிரிவு, விழுந்த இடம், வயது.
அதற்குக் கீழே ஒரே வரி:
அண்ட் 11 அதர்ஸ்.

விரல்விட்டு எண்ணினேன்.
ஆங்கிலத்தில் அது, இலக்கத்தையும் சேர்த்து,
சரியாகப் பதினோரு எழுத்து.
ஆளுக்கு ஒன்று.
யாருக்கு எது என்று
பிரித்துக் கொடுக்கத்தான் முடியவில்லை.
செலவு இரண்டு ரூபாய் ஓரணா.

பதினொருவரும் சிப்பாய்கள் இல்லை.
பஸ்ராவில் கோவேறு கழுதைக்குத் தண்ணீர் காட்டியவர்கள்,
ரயில் பாதைக்கு மண் சுமந்தவர்கள்.
ஏழு பேருக்குக் காய்ச்சல் என்றிருக்கிறது.
நாலு பேருக்குக் காரணம் எழுதும் கட்டம் காலி.
செல்லரித்த கூலிப் பட்டியலில்
தப்பியவை மூன்று பெயர்கள்:
மாதன். ஹாலன். ஜோகி.

நாங்கள் வீட்டில் பேசுகிற மொழிக்கு எழுத்து கிடையாது.
அந்த மொழியில்தான் அவர்களையும்
சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்.
சரி, தமிழிலாவது வெட்டியிருக்கலாம்.
மாதனுக்கு ஒன்பதணா, ஹாலனுக்கும் அதே.
ஜோகிக்கு இரண்டே எழுத்து,
ஆறணாதான் ஆகியிருக்கும்.

ஈயம் பாதி காணோம்.
தூண்டிலுக்குப் பாரம் கட்டப் போயிருக்கும்.
பதினொன்றில் ஒரு கோடு விழுந்து
இப்போது அங்கே
ஒரே ஒருவர்தான் மற்றவர்கள்.
பின்பக்கம் 1999இல் பதித்த பளிங்கு:
நாயக் சிவலிங்கன்.
அவரைவிடப் பெரிய எழுத்தில் உபயதாரர்.
மேற்கு முகம் மட்டும்
தோளுயரத்தில் எண்ணெய் தேய்த்ததுபோல் மின்னுகிறது.
ராத்திரியில் காட்டெருமை வந்து உரசும் என்றார் டிரைவர்.
விரிசலில் இரண்டு கறுப்பு மயிர் இருந்தது.

மதிப்பீடு எழுதினேன்.
பாசி சுரண்டுதல். கம்பி வேலி. விளக்கு ஒன்று.
இனம் ஐந்து, எழுத்து வெட்டுதல்,
இன்றைய விலைக்கு எழுத்துக்கு அறுபது ரூபாய்,
எண்ணிக்கை எட்டு.
இனம் ஆறு,
அதன் கீழே எட்டு வரிக்கு
கல்லைத் தொடாமல் விடுதல்.
இதற்கு விலைப்பட்டியலில் இடமில்லை.
தணிக்கையில் கேட்பார்கள்.

டிரைவர் டேப்பைச் சுருட்டிக் கொடுத்தார்.
இருட்டுவதற்குள் ஒன்பதாவது வளைவைத் தாண்டணும் என்று
வண்டியை எடுத்தார்.